பூங்கனி ஊட்டிய மூன்று நாள்

பதிமூன்று வயதில் அண்டி ஆபீசுக்குள் நுழைந்தவள் பூங்கனி. முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் அந்த நீளமான கொட்டகையை, குமரி மாவட்டத்துச் சிதறால் ஊர்ப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. முந்திரித் தோட்டில் கசியும் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனிகள் கருத்து, ரேகை அழிந்துவிட்டது. ஆதார் எடுக்கப் போனபோது மெஷின் அவள் கையை ஏற்கவே இல்லை.

அம்மா செத்தபோது தம்பி முத்துநாயகத்துக்கு நாலு வயது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். மழைக்காலத்தில் ஆபீஸ் அடைத்துக் கிடக்கும் வாரங்களில், பக்கத்து விளைத்தோட்டத்தில் கிடைத்த மரச்சீனிக் கிழங்கை அவித்து முழுவதையும் அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவித்த தண்ணீரை உப்புப் போட்டு அவள் குடித்திருக்கிறாள். இதைப் பெரிய தியாகமாக ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு வந்த யாரும் சாப்பிடாமல் திரும்பியதும் கிடையாது. கரண்ட் கணக்கெடுக்க வந்தவனைக்கூட உட்கார்த்தி வைத்துச் சோறு போடுவாள்.

கல்யாணம் என்று யாராவது எடுத்தால், “இவன் ஒரு நெலைக்கு வரட்டும்” என்பாள். முத்துநாயகம் கொத்தனார் ஆனான். பத்மநாபபுரம் பக்கம் சபிதாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே வீடு வைத்தான். பிள்ளை இல்லை. பதினோரு வருடம் கழித்து சபிதா மஞ்சள்காமாலையில் போனாள். அதன்பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை, பேசவில்லை, தட்டில் வைத்ததைத் தொடவில்லை. பூங்கனி போய்க் கூட்டிக்கொண்டு வருவதற்கு முன்னால் ஒருநாள் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு எங்கோ போய்விட்டான்.

ஐந்து மாதம் தேடினாள். போலீசில் எழுதிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் போட்டோவோடு ஒவ்வொரு ஊராக இறங்கி ஏறினாள். கடைசியில் போன் செய்தது, பஸ்சில் கண்டக்டராகப் போகும் பக்கத்து வீட்டு வினோஜ்.

“அக்கா, வடசேரி பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளு கெடக்கு. நம்ம முத்து அண்ணனப் போல இருக்கு. உறப்பிச்சுச் சொல்லத் தெரியல்ல. நீ வந்து பாரு.”

போனாள். மார்க்கெட் போகும் வழியில், காலி காய்கறிச் சாக்குகளுக்கு நடுவே சுருண்டு கிடந்த உருவத்தைப் பார்த்தாள். இது இல்லை என்று தாண்டிப் போனாள். பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

“அக்கா.”

எலும்பும் தோலும் என்று நாம் சும்மா சொல்கிறோம். அன்றைக்குத்தான் அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். வினோஜ் பிடித்து வந்த ஆட்டோவில் தூக்கி வைத்தபோது கையில் கனமே இல்லை.

“நேரா ஆஸ்பத்திரிக்கு விடலாம் அக்கா,” என்றான் வினோஜ்.

“எதுக்கு? இவனுக்கு நோய் ஒண்ணும் இல்ல. பட்டினிதான். அதுக்கு மருந்து எனக்க அடுப்புல இருக்கு.”

முதல் நாள் சீனி அள்ளிப் போட்ட சாயாவும் குழையக் காய்ச்சிய கஞ்சியும் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்தான். அதைப் பார்த்து அவள் அடுக்களைக்குள் போய் நின்று அழுதாள். சாயங்காலமே சோறு கேட்டான். மறுநாள் மீன்குழம்பு, அவித்த மரச்சீனி, ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம். அடுத்த வீட்டு குளோரி பாயசம் வைத்துக் கொண்டுவந்தாள். அவன் கேட்கக் கேட்கப் பூங்கனி கொடுத்தாள். கேட்காதபோதும் உருட்டி வாயில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் அவன் பாதம் இரண்டும் உப்பியிருந்தன. கணுக்கால் எலும்பைக் காணோம்.

“பாத்தியா குளோரி, சதை புடிக்கி,” என்று காட்டினாள்.

குளோரி விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. “இது சதை இல்ல பூங்கனி. நீரு.”

மத்தியானம் சோற்றுருண்டையை வாங்க அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. கண்மணிகள் ஒரு இடத்தில் நில்லாமல் ஆடின. மூச்சு இரைத்தது. அவளைப் பார்த்து, “நீ ஆரு?” என்றான். அப்புறம் கையும் காலும் வெட்டி இழுக்கத் தொடங்கின.

பெரியாஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். டாக்டர் ஜெஸ்பின் என்று ஒரு இளம்பெண். எத்தனை நாள் பட்டினி, என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பூங்கனி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“அம்மா, மாசக்கணக்குல சாப்பாடு இல்லேன்னா, உடம்பு தனக்குள்ள உள்ள கொழுப்பையும் சதையையும் கரைச்சு அதை வெச்சு ஓடும். அப்ப திடீர்னு சோறும் சீனியும் நிறைய போச்சுன்னா இன்சுலின் கூடும். ரத்தத்துல மிச்சம் இருக்க பாஸ்பேட்டு, பொட்டாசியம் எல்லாத்தையும் செல்லு உள்ள இழுத்துரும். அதில்லாம இதயம் ஒழுங்கா துடிக்காது, மூச்சு விடுற தசைக்குத் தெம்பு இருக்காது. உடம்புல நீர் கோர்க்கும். பி-ஒண்ணுன்னு ஒரு வைட்டமினும் தீர்ந்துரும். அது தீர்ந்தா மூளை அடிபடும். இப்படிப்பட்டவங்களுக்கு முதல்ல ஊசி போட்டு, தினமும் ரத்தம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பாட்டைக் கூட்டணும்.”

பூங்கனிக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி போதுமாக இருந்தது.

“அப்ப, நான் குடுத்த சோறா?”

“நீங்க கூட்டிட்டு வரலேன்னா அவர் அங்கேயே போயிருப்பார். உங்களுக்கு இது தெரிய வழியில்ல,” என்றாள் டாக்டர்.

இல்லை என்று அவள் சொல்லவில்லை. பூங்கனி அதைக் கவனித்தாள்.

பத்தொன்பது நாள் கழித்து முத்துநாயகம் உயிரோடு வீட்டுக்கு வந்தான். சுவரைப் பிடித்து, காலை அகற்றி வைத்து நடந்தான். ஆனால் சற்றுமுன் நடந்ததுகூட அவன் மனதில் நிற்கவில்லை. சபிதா எங்கே என்று கேட்டான். முதல் தடவை பூங்கனி உண்மையைச் சொன்னாள். அன்றைக்குத்தான் செத்தாள் போல அவன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். ஒரு நாழிகை கழித்து மறுபடி கேட்டான். அன்றிலிருந்து, “அவ அம்ம வீட்டுக்குப் போயிருக்கா” என்பதுதான் பதில்.

அதைவிடக் கொடியது சாப்பாடு. சின்னக் கிண்ணத்தில் அளந்து, நாளுக்கு ஆறு தடவை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயுமுன் மறந்துவிடுவான்.

“அக்கா, எனக்குச் சோறு தரல்லியே.”

“இப்பந்தானே மக்கா தின்ன?”

“இல்ல. நீ பொய்யி பறையுத.”

வாசல் நடைக்குப் போய் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டான். “எனக்க அக்கா என்னயப் பட்டினி போடுகா. ஒரு வாய்க் கஞ்சி தாருங்க.” ஊர் நின்று பார்த்தது. விவரம் தெரிந்தவர்கள் பேசாமல் போனார்கள். தெரியாதவர்கள் அவள் காதில் விழும்படியே பேசினார்கள். ஒருத்தி இலையில் சோறு பொதிந்து கொண்டுவந்தாள். பூங்கனி அதைப் பிடுங்கிக் கொல்லையில் வீசினாள். ஒரு மனுசனுக்கு வந்த சோற்றை அவள் கை வீசியது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் மாதச் சோதனையில் ரத்தம் சரியாக இருந்தது. இனி எல்லாரையும் போலச் சாப்பிடலாம் என்றார்கள். ஞாபகம் பற்றிக் கேட்டதற்கு, பெரிதாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றாள் டாக்டர் ஜெஸ்பின்.

தம்பியோடு வெளியே வரும்போது வராந்தாவில், வற்றிப்போன ஒரு கிழவரை மடியில் சாய்த்துவைத்து, தூக்குப்பாத்திரத்திலிருந்து ஒரு பெண் ஊட்டிக்கொண்டிருந்தாள். பூங்கனி நின்றுவிட்டாள்.

“ஏட்டி, டாக்டர்ட்ட காட்டினியா? எத்தன நாளாச்சு இவரு தின்னு?”

“ரெண்டு மாசமா ஒண்ணும் எறங்கல்ல. இன்னைக்கித்தான் வாய் தொறக்காரு. நீங்க ஆரு கேக்கதுக்கு?”

பூங்கனி உள்ளே ஓடிப்போய் ஒரு நர்சின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். நர்ஸ் குனிந்து அந்தப் பெண்ணிடம் பேசத் தொடங்கியதும், தம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

“அக்கா, காலைல முதல் ஒண்ணும் தின்னல்ல,” என்றான் அவன்.

பெட்டிக்கடையில் ஒரு மட்டிப்பழம் வாங்கி, தொலி உரித்து, பாதியை ஒடித்து அவன் கையில் கொடுத்தாள். அவன் தின்று தீர்க்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மீதியைக் கொடுத்தாள்.