மணிக்கட்டு மாறிய மார்கழி

புல்லைப் படுக்கையாக்கிக் கிடந்து, கடலிடம் வழி வேண்டிய பெருமானே, உண்மை சொல்ல வேண்டிய பொழுதில் ஊமையாகிப்போன இந்த நாவுக்கு இன்றேனும் துணை நில்.

ஆவணித் திங்கள், வளர்பிறைத் துவாதசியும் திருவோணமும் கூடிய நன்னாளில், திருப்புல்லாணியில் இருந்து இதை எழுதுகிறேன். இதய நோயாளியை வீட்டில் வைத்திருப்போரும், மருத்துவர் சொற்படி நடப்பதற்காகக் நாடித்துடிப்பை எண்ணும் ஓட்டக் கடிகாரத்தைக் கையில் கட்டியிருப்போரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சேதுக்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது என் இடத் தாடையில் வலி தொடங்கியது. பல்வலி என்று எண்ணி, வீட்டுக்கு வந்து கிராம்பைக் கடித்துக்கொண்டு படுத்தேன். மாலைக்குள் அது மாரடைப்பு என்று தெரிந்தது. மதுரையில் ஸ்டென்ட் (அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து தாங்கும் சிறு வலைக்குழல்) வைத்தார்கள். எழுபதாம் வயதில் பிழைத்து வந்தேன்.

அதன்பின் இராமநாதபுரத்தில் என்னைத் தொடர்ந்து பார்த்துவந்த பெண் மருத்துவர், மாத்திரைகளோடு நடையையும் எழுதித் தந்தார். நாள்தோறும் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும். துடிப்பு நிமிடத்துக்கு நூற்றுப்பத்தைத் தாண்டலாகாது.

எங்கள் ஒரே மகள் கோதை கோயம்புத்தூரில் இருக்கிறாள். நெடுந்தூர ஓட்டங்களில் ஓடுபவள். தான் பயிற்சிக்குக் கட்டியிருந்த ஜி.பி.எஸ். கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டாள். செயற்கைக்கோள்களின் குறிப்பை வாங்கி, நான் சென்ற வழியை அது கோடாக வரையும். அடிப்புறத்தில் எரியும் பச்சை ஒளியால் தோலுக்குள் ஓடும் இரத்தத்தைப் பார்த்துத் துடிப்பை எண்ணும். என் கைப்பேசி வழியாக எல்லாம் அவளுக்குப் போய்விடும்.

“அய்யா, இன்னைக்கு முப்பத்தாறு நிமிசத்துல நிறுத்திட்டீங்களே, ஏன்?”

“ஆடு மறிச்சிருச்சு தாயி.”

“தெனமும் அதே ஆடாய்யா?”

கடந்த மார்கழி பிறந்தது. வைகறையில் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நாற்பது ஆண்டுகளாக எனக்கு இடம் உண்டு. என் நடைக்கும் அதுவே நேரம். வெயிலில் நடக்க மருத்துவர் தடை விதித்திருந்தார். மாலையில் முழங்கால் இடம் கொடுக்காது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நேர்ந்துகொண்ட வேண்டுதலை, அவருக்கு உடம்பு முடியாதபோது, வீட்டில் மற்றொருவர் அவர் பெயரைச் சொல்லிச் செலுத்தலாம். என் தாய் நேர்ந்த நூற்றெட்டு வலங்களைச் சுற்றி முடித்தவள் என் மனைவி அலமேலுதான். பெருமாள் அதை ஏற்கவில்லை என்று எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மருத்துவர் விதித்த நடையையும் நாங்கள் அந்த வரிசையிலேயே வைத்துவிட்டோம்.

“நீங்க கோஷ்டிக்குப் போங்க. ஒங்க நடையை நான் நடந்துட்டு வாரேன்” என்று அவள் கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் போவ?”

“நீங்க போற சேதுக்கரை ரோடுதான். கோடு கோணலாப் போனா ஒங்க மக கண்டுபிடிச்சிருவா. அந்த ஆட்டையும் பார்த்தா விசாரிச்சுட்டு வாரேன்.”

இருவரும் சிரித்தோம். அன்று முதல் மாதம் முழுதும் அவளே நடந்தாள்.

மார்கழி பாதி கழிந்த ஒரு காலையில், கோயிலில் இருந்து நான் கொண்டுவந்த பொங்கலை நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

“நெஞ்சுக்குள்ள வலையில விழுந்த மீனாட்டம் துள்ளுதுங்க. செத்த நேரம் கழிச்சுத் திங்கிறேன்.”

“வேகமா நடந்திருப்ப” என்றேன். நான் நோயாளி, அவள் என்னைப் பார்த்துக்கொள்பவள். அந்தப் பங்கீடு எங்கள் வீட்டில் அவ்வளவு உறுதியாக இருந்தது.

தை முதல் வாரத்தில் கோதை அழைத்தாள். “அய்யா, துடிப்பு ஒழுங்கா இல்லைன்னு மார்கழியில வாட்ச் மூணு தடவை எச்சரிச்சிருக்கு. ரெண்டை நான் கவனிக்காம விட்டுட்டேன். நான் கெளம்பி வாரேன். டாக்டர்கிட்டப் போறோம்.”

மருத்துவமனைத் தாழ்வாரத்தில், மகள் சீட்டு வாங்கப் போயிருந்தபோது, அலமேலு என் கையைப் பற்றினாள். “சொல்லிராதீங்க. நம்மளை ஏமாத்திட்டாகளேன்னு புள்ள மனசு ஒடைஞ்சு போகும். எனக்கு ஒண்ணும் இல்லை. அந்தப் பட்டை என் கைக்குத் தொளதொளன்னு கெடந்துச்சு, அதான் தப்பாக் காட்டிருக்கு.”

நம்ப எளிதாக இருந்தது. நம்பினேன்.

ஈ.சி.ஜி. நன்றாகவே வந்தது. மருத்துவர் கடிகாரத்தின் பதிவுகளை நெடுநேரம் பார்த்தார். “இது வந்து வந்து போற வகையா இருக்கலாம் அய்யா. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து நடுங்குதல்). ரத்தம் தேங்கி உறைஞ்சு, மூளைக்குப் போயிரக்கூடாது. படபடப்பு எதுவும் இருந்துச்சா?”

இல்லை என்றால் அடுத்த கேள்வி கடிகாரத்தைப் பற்றியதாக இருக்கும் என்று அஞ்சினேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆமா. வலையில விழுந்த மீன் மாதிரி துள்ளுச்சு” என்றேன்.

அலமேலு தலையைக் குனிந்துகொண்டாள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எனக்கு எழுதப்பட்டது. எனக்குத் தேவையற்ற அந்த மருந்தால் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் இரத்தம் கசிந்தது. காலையும் மாலையும் தவறாமல் அதை எடுத்துவந்தவள் அவளே. தன் உயிருக்குரிய மருந்தைத் தன் கையாலேயே என் உள்ளங்கையில் வைத்தாள்.

மாசியில் ஒரு முற்பகல், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளின் கையில் இருந்து முறம் நழுவியது. குனிந்து எடுக்க முயன்றாள், வலக்கை எழவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அதில் சொல் இல்லை. வாய் ஒருபுறம் இறங்கியிருந்தது.

பக்கவாதம் (மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைபடுதல்). அதே மருத்துவமனையின் அதே தாழ்வாரத்துக்கு அந்த மருத்துவர் விரைந்து வந்தார். “அம்மாவுக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கு அய்யா. எப்ப இருந்துன்னு தெரியலை. படபடப்புன்னு எதுவும் சொன்னாங்களா?”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். “நான் அன்னைக்குப் பார்த்தது அம்மாவோட இதயமா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வந்து சேர்ந்த கோதையிடமும் மறைக்காமல் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “அந்தக் கோட்டை நான் தெனமும் பார்த்தேன்யா. நடக்கிறது அம்மான்னு எனக்கே தெரியலையே.”

ஆறு மாதங்கள் ஆகின்றன. அலமேலு என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இக்கரையில் இருந்து அக்கரை வரை நடக்கிறாள். வலக்கை விரல்கள் பாதி மடங்கும். எதைக் கேட்டாலும் “சரி” என்கிறாள். வேண்டுமென்றாலும் அதே சொல்தான், வேண்டாமென்றாலும் அதே சொல்தான். ஆனால் காலையில் நான் பாசுரம் தொடங்கினால் ஈற்றடிகள் பிழையின்றி அவள் நாவில் வந்துவிடுகின்றன. பாட்டும் பேச்சும் மூளையில் வெவ்வேறு வழியாகச் செல்வதால் இப்படி நேர்வதுண்டு என்று பேச்சுப் பயிற்சி தருபவர் விளக்கினார். இதை அருள் என்று சொல்லவே எனக்கு ஆசை. ஆனால் தண்ணீர் என்று கேட்கத் தெரியாமல், வறண்ட உதட்டோடு அவள் பாடுவதைக் கேட்க என்னால் தாளவில்லை.

அந்த மாத்திரை இப்போது அவளுக்குத் தரப்படுகிறது. என் நடையை நானே நடக்கிறேன். நிமிடங்கள் குறைந்தாலும் ஏன் என்று கோதை கேட்பதில்லை.

கருவி பொய் சொல்லவில்லை. அதை வைத்து நாங்கள் சொன்னோம். உங்கள் வீட்டில் யாருடைய உடம்பு துன்பம் சொன்னாலும் அவரையே மருத்துவரின் முன் உட்கார வையுங்கள். பிள்ளைகள் வருந்துவார்கள் என்றெண்ணி எதையும் மறைக்காதீர்கள்.

வீட்டுக்கு வரும் செவிலி நாடி பார்க்கக் கற்றுத்தந்தார். “ரெண்டு விரலை மட்டும் வைங்க அய்யா. பெருவிரலை வச்சிராதீங்க. அதுல ஒங்க நாடி ஓடும். ஒங்களதை அம்மாவோடதுன்னு எண்ணிப்புடுவீக.”

இருவேளையும் அவள் மணிக்கட்டில் இரு விரல் வைத்து ஒரு நிமிடம் அமர்கிறேன். இரண்டு துடிப்பு வரும். பிறகு ஓர் இடைவெளி. அதில் என் மூச்சும் நின்றுவிடுகிறது. எழுபது ஆண்டுகளை எப்படியோ கடந்துவந்தவனுக்கு, அடுத்த துடிப்பு வரும்வரை உள்ள அந்த நொடியைக் கடக்க முடியவில்லை. பிறகு அது வருகிறது. “சரி” என்கிறாள்.

இதைப் படிக்கும் யாவருடைய நாடியும் சீராக ஓடுக. உங்களைப் பேணுவோரின் உடம்பும் பேணப்படுக. அவர்கள் வலி என்று சொல்லும் நாளில் அதைக் கேட்கும் செவியை எம்பெருமான் உங்களுக்குத் தந்தருளுக.