மீட்டர்காரரும் வெளுத்த பன்னும்

தெருவில் அவரை எல்லோரும் மீட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். எலக்ட்ரீஷியன்கள் எத்தனையோ பேர் இருக்கலாம், அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத ஆள் இவர் ஒருவர்தான். மிக்ஸி சுற்றவில்லை என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், வோல்ட் எத்தனை, ஆம்பியர் எத்தனை என்று ஆரம்பித்துவிடுவார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், இரண்டையும் பெருக்கினால் வாட்ஸ். இந்த இரண்டு கணக்கை வைத்தே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டார். கல்யாணமான புதிதில் அவர் தன்னிடம் ஆசையாகக் கேட்ட முதல் கேள்வி, "உன் தையல் மெஷின் மோட்டார் எத்தனை வாட்ஸ்?" என்பதுதான் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மனைவிதான் தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மொட்டை மாடி அறையில் பன் சுட ஆரம்பித்திருந்தாள். இரண்டாயிரம் வாட்ஸ் ஓவன், யாரோ பயன்படுத்திக் கைமாறி வந்தது. சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது, நேரத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அக்கா வீட்டு ஓவனில் சுட்டுப் பழகியபோது பன் பொன்னிறமாக வந்தது. இங்கே வெளுத்துப் போய், காய்ச்சலில் கிடந்து எழுந்த குழந்தை முகம் மாதிரி வந்தது. மாவை மாற்றினாள். ஈஸ்ட்டை மாற்றினாள். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனாள், பன் காய்ந்ததே தவிர சிவக்கவில்லை. அவளிடம் பன் வாங்குகிற ஆபீஸ் கேன்டீன் அம்மா தங்கமானவர்தான், இருந்தாலும் வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

கரண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள். அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மீட்டர் வெளியே வந்தால் எல்லாம் அணைய வேண்டும். யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாது என்று அவரே போட்ட சட்டம். அவர் படியேறும் சத்தம் கேட்டதுமே அவள் ஓவனை அணைத்துவிடுவாள். பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தார், இருநூற்று முப்பது வோல்ட். ஓவனின் காயிலை அளந்தார், இருபத்தாறரை ஓம். வகுத்தால் எட்டே முக்காலுக்குப் பக்கத்தில் ஆம்பியர், அதை வோல்ட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வாட்ஸ். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் அதே அளவு, அதே பழமொழி.

வியாழக்கிழமை காலையில் துண்டுகளை மடித்துக்கொண்டே, கேன்டீனுக்குப் பன் கொடுப்பதை நிறுத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ஓவனை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம், தையல் கம்பெனி சூப்பர்வைசர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அழவில்லை, கோபப்படவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் மீட்டர்காரரைக் குடைந்தது. மாவு பிசையும்போது அவள் தனக்குத்தானே முணுமுணுக்கிற பாட்டு இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் வேலையிலிருந்து பாதியில் வந்து, மீட்டரோடு மாடி ஏறினார். என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. அவள் சுவிட்ச் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"உள்ள பன் இருக்கு. இன்னைக்கு அணைக்க மாட்டேன். அளக்கணும்னா இப்படியே அளங்க."

அளந்தார். இருநூற்று ஏழு.

மீட்டர் பேட்டரி போய்விட்டது என்று நினைத்து வேறு பேட்டரி போட்டார். அப்போதும் இருநூற்று ஏழுதான். பிளக் பலகையைக் கழற்றி, கரண்டை அளக்கிற மீட்டர் கவ்வியை ஒற்றை ஒயரில் மாட்டினார். ஏழு புள்ளி எட்டு ஆம்பியர். வகுத்தார், இருபத்தாறரை ஓம், காயில் மேல் ஒரு பழியும் இல்லை. பெருக்கினார், ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். கிட்டத்தட்ட நானூறு வாட்ஸைக் காணோம். சுவரில் ஓடுகிற ஒயர் பைப்பைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

கீழே மெயின் போர்டிலிருந்து மூன்று மாடி ஏறி வருகிற அந்த மெல்லிசு ஒயரை, ஒரு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் போதுமென்று, மிச்சம் கிடந்ததை வைத்து இழுத்தவர் அவரேதான். ஓவன் அணைந்திருந்தால் ஒயரில் கரண்ட் ஓடாது, வோல்ட்டும் குறையாமல் வந்து நிற்கும். ஓவன் இழுக்க ஆரம்பித்தால் இருபத்து மூன்று வோல்ட்டை வழியிலேயே ஒயர் தின்றுவிடும். வேறு யார் வீடாக இருந்தாலும் அவர் முதலில் பார்த்திருப்பது இதைத்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது.

சத்தமில்லாமல் ஒயரை மாற்றிவிட்டு, புது மாவு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு உடனே போகவும் இல்லை. ஆனால் அவள் முதுகைப் பார்த்ததும் அப்படிச் செய்ய மனசு வரவில்லை.

"கூடம் கோணல்தான்," என்றார். "உன் கையில ஒரு குறையும் இல்ல. நான் போட்ட ஒயர்லதான் குறை."

அவள் திரும்பிப் பார்த்தாள். "மூணு தடவை கேட்டேன்ல?"

"கேட்ட."

"மூணு தடவையும் அணைச்சுட்டுத்தான அளந்தீங்க?"

அவர் தலையாட்டினார். இனி சண்டைதான் என்று காத்திருந்தார். அவள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, இத்தனை நாள் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். "எனக்கு வராதுன்னே முடிவு பண்ணிட்டேங்க," என்றாள். அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பொழுது சாய்வதற்குள் தடித்த ஒயரைத் தனி லைனாக மாடிக்கு இழுத்துவிட்டார். இந்தத் தடவை ஓவனை எரியவிட்டே அளந்தார், இருநூற்று இருபத்தேழு. அவள் ஒரு தட்டை உள்ளே தள்ளிவிட்டு, வழக்கமான நேரத்துக்குக் காத்திருந்தாள். கதவைத் திறந்தால் ஒரே புகை. பன் அத்தனையும் கரி.

அவர் கை தானாக மீட்டரைத் தேடியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீட்டரை உள்ள வைங்க. கரண்ட் சரியா இருக்கு. நேரத்தைக் குறைக்காம விட்டது என் தப்பு."

தன் தப்பை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை அவர் பார்த்ததில்லை. கரியைச் சுரண்டிவிட்டு இருவரும் ஆளுக்கொன்று தின்றார்கள், உள்ளே பஞ்சு மாதிரி இருந்தது. அவள் அடுத்த தட்டை உள்ளே தள்ளி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, நான் வரலைன்னு சொல்லிடுங்க."