உட்கார ஒரு ஸ்டூல்

எனக்கு முதலில் போனது கைதான். காலையில் தலை பின்ன இரண்டு கையையும் தூக்கினேன். பாதிப் பின்னலில் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. தோளில் ஈரச் சாக்கைப் போட்டது போல ஒரு பாரம். பத்து நாள் முன்புதான் காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தேன். அதன் மிச்சம் என்று நினைத்து, கொண்டை போட்டுக்கொண்டு கம்பெனி வேனுக்கு ஓடினேன்.

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வேனில் ஒரு மணி நேரம் போனால் கம்பெனி. கான்ட்ராக்டில் பேக்கிங் வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும்.

காய்ச்சலின் மிச்சம் மாதக்கணக்கில் தீரவில்லை. கழுத்து, இடுப்பு, கெண்டைக்கால் என்று வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. பத்து மணி நேரம் தூங்கினாலும் தூங்காதவள் போலவே எழுந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பேச வந்த சொல் மறந்துபோகும்.

சூப்பர்வைசரிடம் ஒரு ஸ்டூல் கேட்டேன். உட்கார்ந்தால் அதே வேலையை முடித்துத் தருவேன் என்றேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர். “டாக்டர் லெட்டர் எடுத்துக்கினு வாங்கக்கா, பாக்கலாம்” என்றார். ஸ்டூல் கிடைக்காவிட்டால் வேலையில் நிற்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

லெட்டருக்காக எட்டு மாதம் அலைந்தேன். ரத்தம், தைராய்டு, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். நார்மல் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? என் வீட்டில் அது எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

“ரிப்போர்ட்டுலயே ஒண்ணும் இல்லன்னு கீது. அப்புறம் இன்னாடி நோவு உனக்கு? சோம்பேறி நோவா?” என்றார் மாமியார்.

“வேலைக்குப் போவாம இருக்க ட்ராமா போடுது. வுடும்மா” என்றார் வீட்டுக்காரர்.

ஒரு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கீங்க. ரொம்ப பயப்படுறீங்க, அதான் வியாதி.” எனக்குப் பயம் அதிகம்தான். வேனில் ஏறிய பிறகும் கேஸை மூடினோமா என்று மனசு அடித்துக்கொள்ளும். அதற்காக? பயப்படுகிறவளுக்கு வலி வரக்கூடாதா?

நான் செய்த தப்பு ஒன்று பிறகுதான் புரிந்தது. டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு நாள் அசையாமல் படுத்துவிடுவேன். இல்லையென்றால் பஸ் ஏற முடியாது. பிறகு குளித்து, இருப்பதில் நல்ல புடவை கட்டி, பூ வைத்து, பவுடர் போட்டுக்கொண்டு போவேன். எங்களைப் போன்ற கூலிக்காரர்கள் கசங்கிப் போய் நின்றால் “தள்ளி நில்லு” என்பார்கள். அந்தப் பயத்தில் செய்தது. ஆக, டாக்டர்கள் எல்லாரும் பார்த்தது என்னுடைய நல்ல நாளை. கசங்கிப் போனால் மரியாதை இல்லை, சுத்தமாகப் போனால் நோய் இல்லை. நாங்கள் எப்படித்தான் போவது?

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் ஒரு பெண் டாக்டர். வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். அந்தம்மா ரிப்போர்ட்டை ஓரம் வைத்துவிட்டு, “இன்னைக்கு இங்க வர்றதுக்கு எத்தனை நாள் படுத்திருந்தீங்க?” என்றார்.

யாரும் கேட்டதில்லை. “ரெண்டு நாள் மேடம்” என்றேன்.

“நாளைக்கு?”

நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர், “நாளைக்கு எழுந்துக்காது மேடம். போன வாட்டி வந்துட்டுப் போயி மூணு நாளு கஞ்சியக்கூட நான்தான் கைல குடுத்தேன்” என்றார். சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். ட்ராமா என்று சொன்னதும் இதே வாய்தான்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். நல்லவர்தான், கும்பிடுகிறேன். இருந்தாலும் வீட்டுக்காரர் பேசிய பிறகுதான் அவர் பேனா அசைந்தது என்பதை நான் கவனித்தேன்.

எனக்கு இருப்பது இரண்டு என்றார். ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுவதும் தசைகளில் நெடுநாள் வலி, நரம்பு சின்ன வலியையும் பெரிதாக்கிக் காட்டும்). நாட்பட்ட சோர்வு நோய் (ஓய்வெடுத்தாலும் தீராத சோர்வு, சக்திக்கு மீறிச் செய்தால் மறுநாள் இன்னும் மோசமாகும்). “ரிப்போர்ட் நார்மல்னா வேற வியாதி இல்லைன்னுதான் அர்த்தம். உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு இல்லை.” தூக்கத்துக்கும் வலிக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். முழுசாகத் தீரும் என்று சொல்லவில்லை. வேலையைத் துண்டு துண்டாகச் செய்யச் சொன்னார்.

லெட்டர் இங்கிலீஷில் இருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். என் வலியை என்னாலேயே படிக்க முடியவில்லை. அந்த லெட்டரைத்தான் கம்பெனி நம்பியது.

அதுவும் உடனே இல்லை. “உங்களுக்குக் குடுத்தா நாளைக்குப் பத்து பேரு கேப்பாங்கக்கா” என்றார் சூப்பர்வைசர்.

“கேக்கட்டும் தம்பி. அப்போ பத்து பேருக்கு வலி கீதுன்னுதான அர்த்தம்?”

இரண்டு வாரம் கழித்து ஸ்டூல் வந்தது. “மகாராணி வந்துட்டாங்கப்பா” என்று லைனில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பாத்ரூம் பக்கம் வந்து, எந்த டாக்டர் என்று மெதுவாகக் கேட்டார்கள்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இதே நோய் என்றால், டாக்டரிடம் போகும்போது படுத்துக்கிடந்த நாட்களைச் சொல்லுங்கள். உங்களைப் படுக்கையில் பார்த்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். இதை எழுதும்போதே ஆத்திரம் வருகிறது. சாட்சி கூட்டிப்போக நாம் என்ன திருடிவிட்டா வந்தோம்?

முன்பெல்லாம் பொழுது விடிந்து சாய்ந்தால் ஒரு நாள். இப்போது வேலை செய்த நாளும், அதற்காகப் படுத்துக்கிடக்கும் மறுநாளும் சேர்ந்தால்தான் எனக்கு ஒரு நாள். என் வருஷத்தில் பாதி நாட்கள்தான் இருக்கின்றன. அந்தப் பாதியில் ஒன்றைக்கூட, நான் நடிக்கவில்லை என்று நிரூபிப்பதற்கு இனி யாருக்கும் தரமாட்டேன்.