கடைசி வீட்டுப் பிடி

விருதுநகரில் அந்தத் தெருவுக்குப் பள்ளிக்கூடம் வந்ததே பிடி அரிசியால்தான். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். வாரந்தோறும் அதை வாங்கி வருவது பாலம்மாளின் வேலை. விற்ற காசு வாத்தியார்களின் சம்பளத்துக்கு. பிள்ளை குட்டி இல்லாத அவளுக்குப் பள்ளிக்கூடமே குடும்பம். சாக்குப்பையோடு அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் தாசில்தாரே ஒதுங்கி நிற்பார்.

தெருக்கோடி ஓலைச் சாய்ப்பில் மாரித்தாய் இருந்தாள். காரியாபட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் மூட்டை தூக்குபவன். அந்த வாசலுக்கு மட்டும் பாலம்மாள் போனதே கிடையாது. கம்பங்கஞ்சி குடிக்கிறவர்களிடம் போய் அரிசி கேட்பதா என்று இரக்கம். அந்த இரக்கத்தில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐம்பத்தேழாம் வருஷம் பள்ளி திறந்தபோது மாரித்தாய் மகள் இருளம்மாளைச் சேர்க்கப் போனாள். வயசு தெரிய, பிள்ளை தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டுக் காட்டியது. ஆனாலும் செயலாளர், வத்தல் வியாபாரி சங்கரபாண்டியன், பிடி கொடுக்கிற வீடுகளுக்கே இடம் சரியாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த பள்ளிக்கூடம் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அவ்வளவு தூரம் அந்தச் சின்னதைத் தனியாக அனுப்ப முடியுமா?

கேள்விப்பட்டதும் பாலம்மாளுக்குச் சுருக்கென்றது. நேரே கோடி வீட்டுக்குப் போய், கஷ்டப்படுகிறவர்களிடம் எப்படிக் கேட்பது என்றுதான் வரவில்லை என இழுத்தாள். மாரித்தாய் உள்ளே போய் ஒரு கலயத்தைக் கொண்டுவந்து வைத்தாள். வாய் வரைக்கும் கம்பு.

"தெரு வழக்கம்னு நாங்களும் எடுத்துத்தான் வச்சோம். நீங்கதான் எங்க வாசலைத் தாண்டித் தாண்டிப் போனீக, அக்கா."

ஊர் வாயையெல்லாம் அடைக்கிற பாலம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. கம்பை முந்தானையில் கட்டிக்கொண்டு போய்ச் செயலாளரின் மேசைமேல் அவிழ்த்தாள். வழக்கம் அரிசிதானே, கம்பை என்ன செய்வது என்று அவர் முனகினார்.

"கேக்காதது என் தப்பு அண்ணாச்சி. அதுக்குப் பிள்ளையத் தண்டவாளத்தைத் தாண்டச் சொல்லுவீகளா? இல்லைன்னா நாளையிலருந்து பையை நீங்களே தூக்குங்க."

சங்கரபாண்டியன் கம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுநாள் இருளம்மாள் முதல் வரிசையில், பிள்ளைகளோடு பிள்ளையாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் பாலம்மாள் பிடி வாங்கத் தொடங்கியதே கோடி வீட்டிலிருந்துதான்.