மெத்தைக்கடை

எங்கள் பக்கத்தில் மெத்தை என்றால் மாடி. படுக்கிற மெத்தையும் மெத்தைதான். எது எது என்று பேச்சில் தானாகத் தெரிந்துவிடும். ஊத்துக்கோட்டை பஜார் தெருவில் நான் குடியிருக்கும் கட்டடத்துக்கு மெத்தைக்கடை என்று பெயர் வந்ததும் அப்படித்தான். கீழே கடை, மேலே மெத்தை. தெரு முழுக்க ஓட்டுக் கடைகளாக இருந்த காலத்தில் மாடி வைத்துக் கட்டியவை மூன்றே மூன்று. ஒரே வரிசை, ஒன்றின் சுவர்தான் அடுத்ததற்கும் சுவர். ஆந்திரா பக்கத்திலிருந்து வண்டியில் மிளகாயும் வேர்க்கடலையும் கொண்டுவந்த வியாபாரிகள் சரக்கைக் கீழே இறக்கிவிட்டு மேலே படுத்துக்கொள்வார்களாம். முகப்பின் உச்சியில் சுதையில் எழுதிய வருஷத்தில் முதல் இரண்டு எண்கள் மட்டும் நிற்கின்றன. மீதி எந்த மழையில் விழுந்ததோ. கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஒருமுறை வந்து தேக்கு உத்தரங்களையும் அவற்றின்மேல் செங்குத்தாக அடுக்கிய செங்கற்களையும் படம் எடுத்தார்கள். எப்போது கட்டியது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அவர்கள் முகம் வாடிப்போயிற்று.

மூன்றில் இப்போது மிச்சம் இது ஒன்றுதான். கோடியில் இருந்ததை இடித்த இடத்தில் கண்ணாடி முகப்போடு செல்போன் கடை. நடுவில் இருந்ததைப் போன கோடையில் இடித்தார்கள். பொதுச்சுவர் எனக்கு மிஞ்சியது. அந்தப் பக்கம் உத்தரம் சொருகியிருந்த ஓட்டைகள் வரிசையாகத் திறந்து கிடக்கின்றன, புறாக்கள் குடியேறிவிட்டன. மழை பெய்தால் சுவர் ஊறி, என் பக்கம் சுண்ணாம்பு பாளம் பாளமாக உதிர்கிறது.

என் மகள் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறாள். புதுவாயலில் இன்னொரு பெண்ணோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவள் அம்மா போன பிறகு மெத்தையில் நான் மட்டும். போனில் தினமும் ஒரே பேச்சு.

"நைனா, கீழ எறங்கி வா. பின்னாடி குடோன் ரூமு சும்மாதான கெடக்குது?"

"எறங்கலாம், எறங்கலாம்."

"அது இடிஞ்சி தல மேல வுழற வரைக்கும் எறங்கலாம் எறங்கலாம்னு சொல்லிக்கினே இரு."

நான் இறங்காததன் காரணத்தை அவளிடம் சொன்னதில்லை. மேலே தெருவைப் பார்த்த அறை அவளுடையது. படித்த மேசை, ஜன்னல் கதவில் ஒட்டிய ஸ்டிக்கர்கள், எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் இறங்கினால் மேலே பூட்டுவோம். பூட்டினால் ஒருநாள் இடிப்போம். அப்புறம் அவள் வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது? ஒரு குடோனைப் பார்க்க யார் லீவு போட்டுக்கொண்டு வருவார்கள்?

சென்ற மாதம் ஒரு காலையில் அவளுடைய அறைத் தோழி போன் செய்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். "அங்கிள், பயப்படாதீங்க. அவ மெத்தையில இருந்து கீழ விழுந்துட்டா. கையில அடி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். லைன் அறுந்தது. மகளின் நம்பருக்கு அடித்தேன். எடுக்க ஆளில்லை.

அவர்கள் அறை இருப்பது மூன்றாவது மாடியில். மாடிக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். போயிருந்தபோது பார்த்திருக்கிறேன்.

கீழே பிளாஸ்டிக் சாமான் கடை நடத்தும் வாடகைக்காரர், "இன்னா சார், சட்டைய உல்டாவா போட்டுக்கினு எங்க ஓடறீங்க?" என்றார். சட்டையை மாற்ற நிற்கவில்லை. பெரியபாளையம் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ். வழியில் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி சிரித்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

மூன்று மாடி ஏறிப் போனால், மகள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். மணிக்கட்டில் பேண்டேஜ்.

"நீ இன்னா நைனா இங்க?"

"மெத்தையிலேர்ந்து வுழுந்துட்டேன்னு..."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு தோழியைத் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். தூக்கத்தில் கட்டிலிலிருந்து உருண்டிருக்கிறாள். திருநெல்வேலிப் பெண் சொன்னது படுக்கிற மெத்தை. "ஐயோ அங்கிள், நான் பெட்டத்தான் சொன்னேன்" என்று அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள்.

நானும் சிரிக்கப் பார்த்தேன். டம்ளரில் கொடுத்த தண்ணீர் என் மடியெல்லாம் சிந்தியது. மகள் சிரிப்பை நிறுத்தினாள். தையல் வெளியே தெரிந்த என் சட்டையையே பார்த்தாள்.

"இப்ப தெரிதா? உனக்கு இன்னிக்கி ஒரு நாளு. எனக்கு மழ பேஞ்சா தெனமும் இப்டிதான்."

மறுநாளே இறங்கினேன். படுக்கையை இறக்க வாடகைக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். குறுகலான படிக்கட்டில் திரும்பும்போது, "மெத்தையிலேர்ந்து மெத்த எறங்குது சார். கொயந்தகிட்ட வெவரமா சொல்லுங்க, அப்பால அதுவும் பஸ்ஸ புடிச்சி ஓடியாந்துடும்" என்றார்.

இனி மேலே ஏறுவதில்லை என்று மகளிடம் வாக்குக் கொடுத்தேன். குடோனில் ஜன்னல் கிடையாது. எந்தக் காலத்து மிளகாயோ, இன்னும் தும்மல் வருகிறது. தெரு தெரியாது, ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிடும் குரல் மட்டும் சுவரைத் தாண்டி வரும்.

நேற்று சாயங்காலம் காற்றும் மழையும். அவள் போன் செய்தாள்.

"எங்க கீற நைனா?"

"கீழதாம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு சின்னக் குரலில் கேட்டாள்: "என் ரூமு ஜன்னல சாத்தினியா?"

"சாத்திட்டேன்" என்றேன்.

மேலே அது படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்காமலிருக்கப் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.