சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு டப்பா ஆகாயத்தாமரை

ரோவேனா பிக்ஸ்லர் எங்கள் ஆல்டர்ஸ்பர்க்கில் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஏழாம் எண் வண்டி. காலையில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள் போடுகிற கூச்சல், மாலையில் அதே ஐம்பத்திரண்டு பிள்ளைகளின் கூச்சல். நடுவில் ஐந்து மணி நேரம் வீட்டில் அவளும் குளிர்பெட்டியின் முனகலும்தான். புருஷன் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஃப்ளோரிடா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே மகன் பிரென்ட் அலாஸ்காவில் விமானங்களைப் பழுது பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். மறந்துபோனால் திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்டுக் குறுஞ்செய்தி வரும்.

பிரென்ட் போகும்போது விட்டுப்போனது ஒரு மீன்தொட்டி. நாற்பது கேலன் தண்ணீர், பத்துப் பதினைந்து கப்பி மீன்கள். தண்ணீர் பட்டாணி சூப் மாதிரி பச்சையாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வந்தாள். இந்தப் பக்கத்து மீன் வளர்ப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தீயணைப்பு நிலையத்துப் பின்னறையில் மாதம் ஒரு தடவை பதினாலு பேர் கூடி, ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு, மிஞ்சிய மீனையும் செடியையும் மாற்றிக்கொள்வோம். அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தில் அவளுக்கு ஒரு சின்னப் பையில் நாலே நாலு ஆகாயத்தாமரைக் குருத்துகள் கொடுத்தேன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும்.

"இதை எப்படி வளர்க்கணும் டீனா?"

"வளர்க்க வேண்டாம். தண்ணியில போடு, போதும். எப்படி நிறுத்துறதுன்னு கேட்டுக்கிட்டு நீயே வருவே பாரு."

மூன்றாம் வாரமே வந்தாள். தொட்டியின் மேல்பரப்பு முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகியிருந்தது. தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது, பாசிக்குப் போக வேண்டிய சத்தையெல்லாம் இந்தச் செடி குடித்துவிடும். அதன்பிறகு அவளுக்குச் சொல்லிக் கொடுக்க என்னிடம் அதிகம் இல்லை. மூடியிலிருந்து சொட்டும் நீர் இலையில் விழுந்தால் அழுகும் என்று மூடியை ஒரு விரல்கடை திறந்து வைத்தாள். வடிகட்டியின் தண்ணீர் வேகமாக விழுந்து செடியைக் கவிழ்க்கிறது என்று குழாய் முனையில் பஞ்சைக் கட்டினாள். மெல்லிய ரப்பர்க் குழாயை வளையமாக்கி மிதக்கவிட்டு, மீனுக்குத் தீனி போட ஒரு கிணற்றுவாய் போல இடம் ஒதுக்கினாள். தாடி மாதிரி தொங்கும் வேர்களுக்குள் கப்பிக் குஞ்சுகள் ஒளிந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டை முடிப்பாள்.

ஆனால் செடி நிற்கவில்லை. வாரம் இரண்டு கை அள்ளினால்தான் அடியில் வெளிச்சம் இறங்கும், மீனுக்கு மூச்சு முட்டாது.

"குப்பையில போட மனசு வரல. அது பாட்டுக்குக் குட்டி போட்டுக்கிட்டே இருக்கு, நான் அது பின்னாடியே கொன்னுக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

தயிர் டப்பாக்களில் தண்ணீர் ஊற்றிச் செடியை நிரப்பி, வீட்டு வாசலில் ஒரு மரப்பெட்டியில் வைத்தாள். மேலே ஒரு அட்டை: "இலவசம். மீன்தொட்டிக்கு மட்டும். குளம் குட்டையில் விடாதீர்கள்." முதல் சில மாதம் ஏழெட்டுப் பேர் வந்து எடுத்துப் போனார்கள். அவர்கள் தொட்டியும் நிறைந்ததும் வரத்து நின்றுவிட்டது. விடாமல் வந்தவர் ஒருவர்தான். எல்டன் ஃபவுட்ஸ்.

எல்டன் எங்கள் ஊரில் முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்தவர். எழுபத்தாறு வயது. மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. வீட்டில் இரண்டு தங்கமீன்கள் இருப்பதாகவும் அவை பசுமாடு மாதிரி ஆகாயத்தாமரை வேரை மேய்ந்து தீர்ப்பதாகவும் சொன்னார். சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வந்து நிற்பார். தபால்காரர் இல்லையா, நேரம் தவறமாட்டார்.

"என்ன ரோவேனா, இந்த வாரம் எத்தனை பிள்ளைங்களை வழியிலேயே மறந்து விட்டுட்டு வந்தீங்க?"

"உங்களை மாதிரி பக்கத்து வீட்டுத் தபாலை எங்க வீட்டுல போட்டுட்டுப் போற பழக்கமெல்லாம் எனக்கு இல்ல."

"அது வேணும்னே போட்டது. அப்பதானே ரெண்டு வீடும் பேசிக்கும்."

"பேசிக்கிட்டோமே, நல்லா! பக்கத்து வீட்டுக்காரன் வரி நோட்டீஸை நான் பிரிச்சுப் பார்த்துட்டேன்னு ரெண்டு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான்."

பத்து நிமிஷப் பேச்சு அரை மணியாகி, முக்கால் மணியானது. உள்ளே வாருங்கள் என்று அவளும் கூப்பிடவில்லை, வரலாமா என்று அவரும் கேட்கவில்லை. குளிர்காலத்தில் பனியில் நின்றபடியே பேசுவார்கள். கிளம்பும்போது டப்பாவைக் கோட்டுக்குள் மார்போடு சேர்த்து வைத்துக்கொள்வார். உறைபனி பட்டால் ஆகாயத்தாமரை கறுத்துப்போகும்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஆப்பிள் கேக் சுட ஆரம்பித்தாள். நிலவறையில் மூன்று பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளை வைத்து, மேலே விளக்குகளைத் தொங்கவிட்டு, இலை மஞ்சளானால் இரும்புச்சத்து மருந்து ஊற்றி, கையளவு பூத்த ரோஜா போன்ற செடிகளாகத் தேர்ந்து டப்பாவில் அடுக்கினாள். வாங்குகிறவர் ஒருத்தர்தானே, மூன்று தொட்டி எதற்கு என்று கேட்டேன்.

"நல்லதா பொறுக்கிக் குடுக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு விளக்கின் உயரத்தைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

போன ஜூலையில் கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட நிர்வாகத்தின் நீர்நிலை அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள குட்டையைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் தூண்டில் போடுகிற குட்டை அது. தண்ணீரே தெரியவில்லை, கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. ஓரத்தில் செத்த மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கியிருந்தன.

அன்று சாயங்காலமே ஊர் முகநூல் பக்கத்தில் ரோவேனா வீட்டு வாசல் பெட்டியின் படத்தை யாரோ போட்டுவிட்டார்கள். கீழே வரிசையாக ஏச்சு. "பஸ் ஓட்டுறதை விட்டுட்டு இவளுக்கு எதுக்கு இந்த வேலை?" "எங்க பையன் இவ வண்டியிலதான் போறான். இவ்வளவு பொறுப்பில்லாதவளா?" என் சங்கத்து ஆட்களே இரண்டு பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை இடுப்புவரை ரப்பர் உடையும் நீளமான வாரியுமாக அவள் குட்டைக்கு வந்தாள். அலுவலர் ஒரு இளம்பெண். கையில் படிவத்தோடு கரையில் நின்றிருந்தாள்.

"இது உங்க செடியா மேடம்?"

"என்னோடதாத்தான் இருக்கும். நான் இங்க போடல."

"யார் யார் உங்ககிட்ட வாங்கிட்டுப் போறாங்க?"

ரோவேனா தண்ணீரைப் பார்த்தாள். "நிறைய பேர். பேரெல்லாம் நான் எழுதி வெச்சுக்கல."

எனக்குத் தெரியும் அது பொய் என்று. ஒரு வருஷத்துக்கு மேலாக வந்தது ஒரே ஆள். நான் வாயைத் திறக்கவில்லை. இனி யாருக்கும் செடி கொடுக்கக் கூடாது, குட்டையைச் சுத்தம் செய்ய உதவ வேண்டும் என்று எழுதி அலுவலர் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். நான்கு நாள் வாரினோம். ரோவேனா, நான், அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர். ஈரச் செடி ஈயம் மாதிரி கனக்கும். நான்காம் நாள் என்னால் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. ஒரு துணுக்கு தப்பினாலும் மறுபடி பரவும் என்பதால், எல்லாரும் போன பிறகும் அவள் நாணல் இடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை எல்டன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ரோவேனாவே அவர் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் வாயாலேயே பிறகு கேட்டேன்.

கதவைத் திறந்தவர் விலகி நின்று வழிவிட்டாராம். கூடத்தில் மீன்தொட்டி இருந்தது. தண்ணீர் இல்லை. உள்ளே பழைய பத்திரிகைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"மீனுங்க எப்ப போச்சு?"

"போன வருஷம் பிப்ரவரியில. ஒண்ணு பின்னாடி ஒண்ணு. ஒரே வாரத்துல ரெண்டும்."

"அதுக்கப்புறம் பதினேழு மாசம் என்கிட்ட செடி வாங்கிட்டுப் போயிருக்கீங்க."

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே எல்டன்?"

"சொல்லிட்டா அப்புறம் எதைச் சாக்கா வெச்சு வர்றது?"

 அவளுக்குக் கோபம்தான் வந்தது. "குப்பையில போட்டிருக்கலாம்ல? அவ்வளவு பெரிய எழுத்துல அட்டை எழுதி வெச்சிருந்தேனே! முப்பத்தோரு வருஷம் விலாசம் படிச்ச கண்ணு, அது தெரியலியா?"

"முதல்ல குப்பையிலதான் போட்டேன். நீங்க ஒவ்வொண்ணா பொறுக்கி அடுக்கித் தர்றீங்க, அதைப் போய் உருளைக்கிழங்குத் தோலோட கொட்டக் கை வரல. குட்டையில விட்டா அதுவாப் பொழைச்சுக்கிடும்னு நினைச்சேன். குளிர் வந்தா எப்படியும் செத்துடும், யாருக்கு என்ன நஷ்டம்னு..." அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்களைத் திட்டுறாங்கன்னு தெரிஞ்சதும் குட்டைப் பக்கம் வந்தேன். நீங்க இடுப்பளவு தண்ணியில நிக்கிறதைப் பார்த்தேன். கார்லேர்ந்து இறங்க முடியல."

மறுநாள் அவரே கவுண்டி அலுவலகத்துக்குப் போய் ஒப்புக்கொண்டார். எச்சரித்து அனுப்பினார்கள். வாரப் பத்திரிகையில் நாலு வரியில் பெயரும் வந்தது. ஊரில் ஒவ்வொரு வாசலிலும் கால் வைத்த மனிதர் அதன்பிறகு மளிகைக் கடைக்குப் பக்கத்து ஊருக்குக் காரை எடுத்துக்கொண்டு போனார். ரோவேனாவைத் திட்டியவர்கள் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதியதை மட்டும் அழித்துவிட்டார்கள்.

"சனிக்கிழமை வாங்க. செடி கிடையாது, காப்பி இருக்கு" என்று அவள் சொல்லியிருந்தாள். செப்டம்பரில் இரண்டு தடவை வந்தார். முதல் முறையாக வீட்டுக்குள்ளே, சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"என்ன பேசினீங்க?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஒண்ணும் ஓடல டீனா. வாசல்ல நின்னா கிளம்புற சாக்குல நிக்கிறோம், அதுல ஒரு மணி நேரம் போயிடும். உக்காந்ததும் ரெண்டு பேருக்கும் கையை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல. அவர் கேக் நல்லாருக்குன்னு மூணு தடவை சொன்னார். நான் மூணு தடவை நன்றி சொன்னேன்."

அக்டோபரில் எல்டனின் மகள் வந்து வீட்டை விற்க ஏற்பாடு செய்துவிட்டு அவரைக் கென்டக்கிக்கு அழைத்துப்போனாள். போகிற அன்று ஏழாம் எண் வண்டி அவர் தெருவில் திரும்பியபோது, அவர் மகளின் காரில் முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாராம். பின்னால் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். வண்டியை நிறுத்த முடியாது. ஹாரனை இரண்டு தடவை அடித்தாள். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் உறைபனி விழுந்தது. வாரியதில் தப்பிக் குட்டையில் மறுபடி முளைத்திருந்த கொஞ்சநஞ்சமும் கறுத்துக் கூழாகிவிட்டது. நிலவறைத் தொட்டிகளையும் அவள் காலி செய்தாள். பிரென்டின் தொட்டியில் மட்டும் செடி இன்னும் இருக்கிறது. வாரம் இரண்டு கை அள்ளி, செய்தித்தாளில் பரப்பிச் சருகாகக் காய வைத்து, பிறகு தோட்டத்து உரக்குழியில் போடுகிறாள்.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியை வெளியூர் ஆட்டங்களுக்கு ஓட்டிப்போக ஆள் வேண்டும் என்றார்கள். யாரும் விரும்பாத வேலை, அவள் தானாகப் பெயர் கொடுத்தாள். காலையில் போனால் மத்தியானம்வரை ஆட்டம் நடக்கும். அதுவரை வண்டி நிறுத்துமிடத்தில், அந்த நீளமான காலி வண்டியில், ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"உள்ள போய் ஆட்டம் பார்க்கலாமே?" என்று கேட்டேன்.

"உள்ள எல்லாரும் குடும்பம் குடும்பமா உக்காந்திருக்காங்க. எனக்கு வண்டியே பழகிப்போச்சு."

"குளிராதா?"

"அப்பப்ப எஞ்சினை ஓட விட்டுக்குவேன்" என்றாள்.