சேலம் ஜங்ஷனில் கவுளி வாக்கு

நான் பி.ஏ. தேறியவன். மூடநம்பிக்கைகளைக் கண்டித்து நாமக்கல்லில் பலமுறை மேடையேறிப் பேசியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சேலம் ஜங்ஷனில் ஈரோட்டு வண்டி நிற்கிறது. இதைத் தவறவிட்டால் தனுஷ்கோடியில் கப்பலும் தவறும். இலங்கை சென்று கதிர்காம முருகனைக் காண வேண்டும் என்ற என் தந்தையாரின் நாற்பதாண்டுக் கனவும் கலையும். எண்பது வயதான அவரோ பெட்டியில் ஏறாமல் வாயிலின் முன் அசையாமல் நிற்கிறார்.

"கவுளி சொல்லாம நான் கடல் தாண்ட மாட்டேன் சாமி."

பல்லி ஒலித்துச் சகுனம் தருவதையே எங்கள் பக்கத்தில் கவுளி வாக்கு என்பர். பிளாட்பாரத்தில் பல்லி எதுவும் தென்படவில்லை. கார்டு பச்சைக் கொடியை விரிக்கிறார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் சென்று, நாவை அண்ணத்தில் தட்டுகிறேன்.

"சொல்லீருச்சு! ஏறு சாமி, ஏறு!" என்று தந்தையார் எனக்கு முன்பே தாவி ஏறுகிறார்.

மூட்டையை நீட்டும் போர்ட்டர் என் காதருகே குனிகிறார்.

"நல்லாத்தான் சொன்னீங்க சாமி. ஆனா கவுளி தொண்டையைச் செருமீட்டுச் சொல்லாதுங்க."

செருமியது உண்மை. நான் ஏழு முறை ஒலித்ததாக ஊரார் சொல்லித் திரிவது பொய். மூன்று முறைதான்.